உலகம்மாளுக்கு வந்த சக்களத்தி

கோவில்பட்டி ரயிலடிக்கு மேற்கே எட்டு வீடும் ஒரு குழாயும் ஒரு வேப்பமரமும் உள்ள எங்கள் காம்பவுண்டில், மூன்றாவது வீட்டுக் கோமதிநாயகம் தூக்கத்தில் மூச்சை நிறுத்தும்போதெல்லாம் அத்தனையும் நின்றுபோகும் என்பதை, புதிதாகக் குடிவருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம், பிறகு வந்து சண்டை போடக் கூடாது பாருங்கள். குழாயிலிருந்து இறங்கிய தண்ணீர் வாளியைத் தொடாமல் பாதியில் நிற்கும், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பாதி பொரிந்தபடி நிற்கும், சண்டைக்காரர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் மட்டும் லாரியும் ஆட்டோவும் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நிற்பது நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அவர் பெண்டாட்டி உலகம்மாள் ஒருத்திதான் நிற்காமல் நடமாடுவாள். அவள் போய் அவர் கால் பெருவிரலைக் கிள்ளுவாள், அவர் ஹக்கென்று ஒரு மூச்சை இழுப்பார், தண்ணீர் வாளியில் விழும்.

அவள் மட்டும் ஏன் நிற்பதில்லை என்று யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. தாலி கட்டிக்கொண்டவள், அவளும் நின்றுபோனால் கிள்ளுவது யார் என்று விட்டுவிட்டோம்.

கோமதிநாயகத்துக்கு நூல் மில்லில் மூன்றாம் ஷிப்ட். காலை ஒன்பதுக்குப் படுத்து மாலை நாலுக்கு எழுந்திருப்பார் என்பதால் எங்களுக்கு இதெல்லாம் பட்டப்பகலில், கைவேலையாக இருக்கும்போதுதான் நடக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை சொட்டுச் சொட்டாக நின்று, சாயங்காலம் பார்த்தால் காம்பவுண்டுக் கடிகாரங்கள் எல்லாம் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும், ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியதும் எட்டு வீட்டிலும் ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைப்போம். கடைசி வீட்டு வடிவு டீச்சர் கணக்கு டீச்சராக இருந்தவர் என்பதால் ஒருநாள் சிலேட்டில் போட்டுப் பார்த்து, கல்யாணத்தின்போது புருஷனைவிட ஆறு மாதம் இளையவளாக இருந்த உலகம்மாள், இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் நின்ற நேரத்திலும் தனியே வாழ்ந்ததால், இப்போது அவரைவிட ஐந்து மாதம் மூத்தவள் என்று சொன்னார். உலகம்மாள் அதற்குக் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுக்கு அதில் பெருமை கொஞ்சம் கூடுதல்தான், சொன்னால் என்ன. நாங்கள் நின்ற நேரத்தில் பொங்கப்போகிற பாலுக்கு அடுப்பை அணைப்பாள், விழப்போகிற குடத்தைப் பிடித்து நிமிர்த்துவாள், பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தின் கைக்குழந்தை கட்டில் விளிம்புக்குத் தவழ்ந்து வந்துவிட்டால் தூக்கி நடுவில் போடுவாள். திடீரென்று பிள்ளை இடம் மாறிக் கிடக்கும்போது, ஓ, நின்னுருக்கோம் போல, என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். எங்கள் காம்பவுண்டில் பால் பொங்கி வழிந்ததாகச் சரித்திரமே இல்லை. அதற்குப் பதிலாக அவர் தூங்கும் நேரத்தில் அவள் இருபத்திரண்டு வருஷமாக வாசலைத் தாண்டியதில்லை, கூடப்பிறந்த தங்கை கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடிந்து சாயங்காலம்தான் போனாள், அவ மனுசியா காவக்காரியா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை எங்களிடம் வந்து சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

இப்படி இருக்கையில் ஆடி மாதத்தில் கோமதிநாயகம் மில்லில் நின்றுகொண்டே தூங்கி நெற்றியில் அடிபட்டுக்கொண்டு வந்தார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அழுது அடம்பிடித்து அவரையும் உலகம்மாளையும் மதுரைக்குக் கூட்டிப்போய், அவர் தலையிலும் மாரிலும் வயர் வயராக ஒட்டித் தூங்கவைத்துச் சோதிக்கச் செய்தாள். கருவியில் ஒரு குறையும் விழவில்லை. எப்படி விழும், அவர் நின்றபோது அதுவும் அல்லவா நின்றது. அங்கிருந்த டாக்டர் விவரமானவர், கோடு போட்ட காகிதத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையும் தன் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார், கடிகாரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் பின்தங்கியிருந்தது, உடனே, தூங்கும்போது மூச்சு அடைக்காமல் காற்று ஊதுகிற மிஷின் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்படியே விட்டால் ஒருநாள் நின்ற மூச்சு நின்றதுதான் என்றும் சொன்னார்.

மிஷின் வந்த அன்று காம்பவுண்டே அந்த வீட்டில் இருந்தது. மிக்ஸி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் தண்ணீர் ஊற்ற ஒரு கண்ணாடித் தொட்டி, யானைத் துதிக்கையாக ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் ரப்பர் முகமூடி. கம்பெனியிலிருந்து வந்த ஜெனிட்டா என்ற பெண் அவர் முகத்தில் வாரைப் போட்டு இழுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாட்டிக் காட்டினாள். புருஷன் முகத்தில் இன்னொருத்தி கை படுகிறதை உலகம்மாள் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீசைல காத்து லீக் ஆகுது சார், எடுத்துருங்களேன்" என்றாள் ஜெனிட்டா.

கோமதிநாயகம் மறுபேச்சுப் பேசாமல் கொல்லைக்குப் போய்ச் சிரைத்துவிட்டு வந்தார். கல்யாணமான புதிதில், குத்துதுங்க என்று உலகம்மாள் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னதற்கு, ஆம்பளைக்கு அழகே அதுதான் என்று எடுக்க மறுத்த மீசை அது. அவள் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காய் அன்றைக்குக் குழம்புக்கு ஆகாத அளவுக்குப் பொடிப்பொடியாக விழுந்தது.

"இதுதான் இனிமே அவுகளுக்கு மூச்சு விடுமா?" என்று கேட்டாள்.

"இது மூச்சு விடாதும்மா. அவங்க மூச்சு போயிட்டு வர்ற வழிய மூடிராம பாத்துக்கும். கதவத் தெறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி, அவ்வளவுதான். விடுறது அவங்கதான்."

"நானும் இம்புட்டு வருசமா அதத்தானே செஞ்சேன்" என்றாள் உலகம்மாள். ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

முதல் பத்து நாள் மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிணற்றுக்குள் முங்கின மாதிரி இருக்கு என்று முகமூடியைப் பிடுங்கி எறிவார், காற்று வயிற்றுக்குள் போய் மத்தியானமெல்லாம் ஏப்பம் விடுவார், வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஓரத்தில் கசிகிற காற்று கண்ணில் அடித்துக் கண் சிவந்துவிடும். அவர் பிடுங்கி எறிகிற ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் ஓடிப்போய், சூடாகச் சுக்குத் தண்ணீர் கொடுத்து, வேண்டாம்னா விடுங்க, நான் இருக்கேன்ல என்பாள். பதினோராம் நாள் அவர் ஒன்பதுக்குப் படுத்து நாலு வரைக்கும் அசையாமல் தூங்கினார், எங்கள் காம்பவுண்டும் அன்று முழுக்க ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது, அன்று எட்டு வீட்டில் ஐந்து வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

நாங்கள் பழகத்தான் சிரமப்பட்டோம். பொங்குகிற பாலுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. தங்கபுஷ்பத்தின் பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி வீங்கியது. சண்டை போட்டால் நடுவில் ஒரு நிறுத்தம் இல்லாததால் கடைசி வரைக்கும் போட வேண்டியதாயிற்று. மறுபக்கம், கடிகாரத்துக்கு ஸ்டூல் போட வேண்டியதில்லை, மத்தியானம் சாப்பிட வந்த பிள்ளைகள் தாமதமாகத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வேண்டியதில்லை, ஒரே மாதத்தில் நாங்கள் ஊரோடு ஒத்துப்போய்விட்டோம். உலகம்மாளிடம், இனி உனக்கு ஜாலிதான், சினிமாவுக்குப் போகலாம், கடைக்குப் போகலாம் என்றோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் எங்கேயும் போகவில்லை. கதவருகில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமில்லாமல் ஒருத்தி தன் கட்டில் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, உஸ்ஸ் உஸ்ஸ் என்று தன் புருஷனோடு ரகசியம் பேசுகிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தறியாத மனிதர், எழுந்ததும் முகமூடியைக் குழந்தை சோப்புப் போட்டு அலம்பி நிழலில் காயவைத்தார், தொட்டிக்கு மெடிக்கல் ஷாப்பிலிருந்து தனியாகத் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார், பெட்டியை மெத்தென்ற துணியால் துடைத்தார். முகம் தெளிந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு போனது, குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தார்.

"அது இல்லாம நான் எப்படித்தான் இத்தன வருசம் தூங்குனேனோ" என்று ஒருநாள் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

உலகம்மாள் வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் குழாயடியில் தங்கபுஷ்பம், "என்னக்கா, மொகமே சரியில்ல?" என்று கேட்டதற்கு, "சக்களத்தி வந்த வீட்ல மொகம் எப்படி இருக்கும்?" என்றாள். தங்கபுஷ்பம் சிரித்தாள். உலகம்மாள் சிரிக்கவில்லை. "நான் அவுகள ஒரு நாளைக்கு அறுபது தடவ உயிரோட எழுப்பிக் குடுத்தேன் புஷ்பம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ இல்லாம நான் எப்படித் தூங்குவேன்னு சொல்லிருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள்.

அதற்குப் பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அரிவாள்மணையிலிருந்து ஆட்டோ வரைக்கும் அத்தனைக்கும் ஓய்வு, கழுவிப் பொட்டு வைத்துப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் பிரிக்கும் வரை தொடக் கூடாது. உலகம்மாள் விடியற்காலையே எழுந்து, சுத்தியல், கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாம் வைத்த வரிசையில் அந்தப் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தாள், சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள், குழாயைச் சுற்றிச் செவ்வந்தி மாலை போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும், அடடா, அவளுக்கும் மனசு மாறிருச்சு என்று சந்தோஷப்பட்டோம். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கோமதிநாயகம் கொட்டாவி விட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"மிஷின எடுத்துத் தா உலகு, கொஞ்சம் படுக்கேன்."

"பூசைல வச்சதத் தொடக் கூடாதுங்க. அதுவும் ஒழைக்கிற மிஷின்தானே, ஒருநாளு இருந்துட்டுப் போகட்டும். நான் இருக்கேன்."

அவர் வடிவு டீச்சரைப் பார்த்தார். டீச்சரே, பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாதுதான் என்றார். நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம். டாக்டர் சொன்னது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை என்று சொன்னால் பொய், ஞாபகம் இருந்தது, ஆனால் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்ட ஒன்றை மாலையைக் கழற்றி எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒருநாள்தானே என்று அவர் படுத்தார்.

இதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் நின்றுவிட்டோம். அவள் சொன்னதையும், வெளியே இருந்தவர்கள் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

மூன்று மணி வெயிலில் அவர் மூச்சு நின்றது. இரண்டு மாதத்துக்குப் பிறகு காம்பவுண்டு மறுபடி அவளுடையதாயிற்று. உலகம்மாள் தலையில் பூவோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மீசை இல்லாத அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். உடனே கிள்ளவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று நினைத்தாள், இதை அவளே எங்களிடம் சொன்னாள், மறைக்கவில்லை. பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்து, இப்ப பாரு என்றுகூடச் சொன்னாளாம். அப்புறம் பெருவிரலைக் கிள்ளினாள். அவர் எழவில்லை. மறுபடி கிள்ளினாள், நகம் பதிய ரத்தம் வரக் கிள்ளினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், பேர் சொல்லிக் கூப்பிடாதவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தெருவுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். ஆட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்தார், வாசல்படிக்குள் ஒரு காலை வைத்ததும் அப்படியே நின்றார். பக்கத்துத் தெரு டாக்டர் பையோடு வந்தார், அவரும் நின்றார். ஆம்புலன்ஸிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்து ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். மறுநாள் விடிவதற்குள் எங்கள் வாசலில் பதினாலு பேர் ஓடுகிற கோலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு கிலோ மனிதரை அவளால் நகர்த்தவும் முடியவில்லை. மிஷினைப் பிரித்து எடுத்து, மாலையை அறுத்து எறிந்து, முகமூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டாள், காம்பவுண்டுக்குள் கரண்டும் நின்றிருந்தது. அவர் வாயில் வாய் வைத்துப் பலங்கொண்ட மட்டும் ஊதினாள், ஊதிய காற்று போய்விட்டுத் திரும்பியது, ஒட்டவில்லை.

வெளியே இருட்டியது, விடிந்தது, மறுபடி இருட்டியது, எங்கள் காம்பவுண்டில் மட்டும் மூன்று மணி வெயில் சுவரில் அப்படியே இருந்தது. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. உள்ளே வரக் கூடாது என்று வாசலுக்கு வெளியே கயிறு கட்டினார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் முறை வைத்து அவளுக்கு இட்லியும் காபியும் வைத்தார்கள், மகள் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் நின்றாள். உலகம்மாள் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பேசக் கூப்பிட்டால் பேசமாட்டாள். ஆனால் உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் மணிக்கணக்காகக் கேட்டது என்று வெளியே நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முதல் நாலு நாள் வசவு. அப்புறம் அழுகை. அப்புறம் சாதாரணமாக, துணி மடித்துக்கொண்டு இன்னொருத்தியோடு பேசுகிற குரலில், பேச்சு.

ஆறாம் நாள் அவள் கயிற்றடிக்கு வந்து, "கதவத் தெறந்துதான் பிடிக்கணுமாம். நான் இம்புட்டு நாளும் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்துருக்கேன்" என்றாள். யாருக்கும் விளங்கவில்லை. "நிறுத்தாம ஊதணும். மெதுவா, விடாம. மூச்சு வாங்கவும் நிறுத்தக் கூடாது. அது எப்படிச் செய்ய?" என்று கேட்டாள். கூட்டத்தில் கோயில் நாகஸ்வரக்காரர் நமச்சிவாயம் இருந்தார். அவர் கயிற்றுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அது வாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் இழுக்கிறது எப்படி என்று, சொம்புத் தண்ணீரில் பப்பாளி இலைக் காம்புக் குழலை விட்டுக் காட்டினார். குமிழி அறுபடக் கூடாது. வாலிப வயதில் தனக்கு ஒரு வருஷம் ஆனது என்றார். உலகம்மாளுக்குப் பதினோரு நாள் ஆனது.

பிறகு அவள் குழாயின் ஒரு நுனியைப் பெட்டியிலிருந்து கழற்றித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். முகமூடியை, மேலே ஒன்று கீழே ஒன்று என்று, ஜெனிட்டா மாட்டியது போலவே அவர் முகத்தில் மாட்டினாள். தள்ளாமல், அவசரப்படுத்தாமல், எழுந்திருங்க என்று கேட்காமல், ஒரே சீராக ஊதினாள். இரண்டு நாள் ஊதினாள் என்று மகள் சொல்கிறாள். இரண்டாம் நாள் கடைசியில் அந்தக் குழாயில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு மூச்சு வந்து அவள் மூச்சில் இடித்தது.

தண்ணீர் வாளியில் விழுந்தது. ஆட்டோக்காரர் தூக்கிய காலைக் கீழே வைத்து, யாருக்கு என்னாச்சு என்றார். ஊரெங்கும் வெடி வெடித்தது, ஆயுத பூஜைக்கு எவன் வெடி போடுறான் என்று நாங்கள் கேட்டபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இன்று தீபாவளி என்றார்கள். பட்சணம் எதுவும் செய்யாமல் தீபாவளி வந்துவிட்டதே என்று நாங்கள் பதறியதுதான் மிச்சம். உலகம்மாள் மெலிந்து, கன்னம் இரண்டும் நாகஸ்வரக்காரர் கன்னம் போலத் தொங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாக மிஷினில் குழாயைத் திருப்பி மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஓடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கே எட்டு வீடும் கூடி, அந்தப் பெட்டிக்குப் பூஜையிலிருந்து விலக்கு என்று முடிவு செய்தோம்.

சுவர் மெல்லிசு, அதனால் அன்று அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது. கேட்கக் கூடாதுதான்.

"பத்தொன்பது நாளா உலகு?"

"ம்."

"தனியாவா கெடந்த?"

"தனியா எங்க. நீங்க கெடந்தீங்க. அது இருந்துச்சு."

"நீ யார்ட்டயோ பேசிக்கிட்டே இருந்தேன்னு புள்ள சொல்லுதா."

"அதுட்டதான் பேசுனேன். வேற யாரு இருக்கா?"

பிறகு கோமதிநாயகம், இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், "எங்கிட்ட ஒருநாளும் அப்படி மணிக்கணக்கா பேசுனதில்லயே. அப்படி என்னதான் பேசுன?" என்று கேட்டார்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள் உலகம்மாள்.

அவள் அவர் முகத்தில் முகமூடியை மாட்டி, வாரைச் சரிசெய்து, விளக்கை அணைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் தூங்கிப்போனாள். பெட்டி உஸ்ஸ் உஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் தலைமாட்டில் இருந்த அதைத் திரும்பிப் பார்த்தபடி, பொறாமை தாங்காமல், விடியும் வரைக்கும் விழித்துக்கொண்டு கிடந்தார்.